உயிர் போன போன், உள்ளே குளச்சல் மணல்

சார்ஜில் போட்டும் திரை கருப்பாகவே கிடந்தது. தக்கலையில் ஒரு கடைக்காரர் திறந்துகூடப் பார்க்காமல், “போர்டு போச்சு மக்கா” என்றார். ஆனால் கேபிளே ‘டக்’கென்று உட்காரவில்லையே! டார்ச் அடித்தால், சார்ஜ் துவாரத்துக்குள் சட்டைப்பை நூல்துகளும் குளச்சல் கடற்கரை மணலும் கெட்டியாக அடைந்திருந்தன. மரப் பல்குச்சியால் ஓரமாகக் கிளறி எடுத்தேன். டைப்-சி வகைத் துவாரம் என்றால் நடுவிலுள்ள மெல்லிய நாக்கைத் தொடக்கூடாது, ஊசி வேண்டவே வேண்டாம். பிறகு நல்ல சார்ஜரில் அரைமணி நேரம். அடியோடு காலியான லித்தியம் பேட்டரி முதலில் மிகக் குறைந்த மின்னோட்டத்தையே ஏற்கும். அதுவரை திரையில் ஒன்றும் தெரியாமல் போகலாம். பலர் பொறுமையிழப்பது இங்கேதான். அப்புறம் பவர் பட்டனையும் வால்யூம் குறைக்கும் பட்டனையும் சேர்த்து அழுத்திப் பிடித்தேன். லோகோ வந்தது, பேட்டரி 4%.