இயற்கைத் துப்புரவுப் பொருள்கள்: வாங்கும்போதும் கலக்கும்போதும் செய்யும் தவறுகள்

பாத்திரம் துலக்கவும் தரை துடைக்கவும் கழிப்பறை கழுவவும் சுற்றுச்சூழலுக்குக் கேடு செய்யாத பொருள் வேண்டும் என்று கடைக்குப் போகிறவர்கள் முதலில் செய்யும் தவறு, புட்டியில் இருக்கும் இலைப்படத்தைப் பார்த்துப் பொருளைத் தேர்ந்தெடுப்பதுதான். எந்த அழுக்கைப் போக்கப் போகிறோம் என்ற கேள்வி அதற்கு முன்பே வர வேண்டும். எண்ணெய்ப் பிசுக்குக்கு சோப்போ சோடாவோ தேவை. உப்புத் தண்ணீர் விட்டுச் செல்லும் வெள்ளைப் படிவுக்கும் செம்பு, பித்தளையின் கறுப்புக்கும் புளிப்பு தேவை. வெறும் தூசிக்கும் மண்ணுக்கும் ஈரத்துணியே போதும். இந்தப் பாகுபாட்டைச் செய்துவிட்டால் வாங்க வேண்டிய பொருள்கள் மூன்று நான்கில் அடங்கிவிடும், செலவும் குறையும்.

நம் வீடுகளில் இது புதிய அறிவு இல்லை. குத்துவிளக்கைப் புளி கொண்டு துலக்கியவர்களும் எண்ணெய்ச் சட்டியை அடுப்புச் சாம்பலால் தேய்த்தவர்களும் அமிலம், காரம் என்ற சொற்களை அறியாமலேயே இரண்டையும் இடமறிந்து பயன்படுத்தினார்கள். புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் செம்பின் மேல் படிந்த ஆக்சைடைக் கரைக்கிறது. விறகுச் சாம்பலின் காரம் எண்ணெயோடு சேர்ந்து அதைச் சோப்பு போன்றதாக மாற்றி நீரோடு போக்குகிறது.

இன்று பலரும் நம்பிச் செய்யும் கலவை ஒன்று இந்த அடிப்படையையே குலைக்கிறது. சமையல் சோடாவையும் வினிகரையும் ஒன்றாகக் கொட்டினால் புஸ்ஸென்று நுரை பொங்குகிறது, அதைப் பார்த்ததும் அழுக்கு அகல்கிறது என்ற மனநிறைவு வருகிறது. பொங்குவது கரியமில வாயுதான். காரமும் அமிலமும் ஒன்றையொன்று சமன் செய்துகொண்டபின் மிஞ்சுவது, பெரும்பாலும் தண்ணீரில் கரைந்த சோடியம் அசிடேட் என்னும் உப்பு. அதற்குப் பிசுக்கை எடுக்கும் ஆற்றலும் உப்புப் படிவைக் கரைக்கும் ஆற்றலும் ஏறக்குறைய இல்லை. சமையலறைக் குழாயில் எண்ணெய் அடைத்திருந்தால் சலவை சோடாவைக் கை பொறுக்கும் சூட்டுக்குச் சற்று மேலான வெந்நீரில் கரைத்து ஊற்றுவது மேல். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் பி.வி.சி. குழாய் இளகும். சலவை சோடாவைத் தொடுகையில் கையுறை தேவை. அலுமினியப் பாத்திரத்தில் அது பட்டால் பாத்திரம் கறுத்துப்போகும்.

புளிப்புக்கும் வரம்பு உண்டு. எங்கள் வீட்டுக் கடப்பா மேடையில் பிழிந்த எலுமிச்சை மூடியை இரவு கவிழ்த்து வைத்து மறந்தேன். காலையில் அந்த இடத்தில் மட்டும் பளபளப்பு போய், வட்டமாக ஒரு வெளுத்த தடம் நின்றது, இன்றும் நிற்கிறது. கடப்பாக் கல் சுண்ணாம்புப் பாறை. பளிங்கும் அப்படியே, பளிங்குச் சில்லுகளும் சிமெண்டும் சேர்ந்த மொசைக் தரையும் அப்படியே. வினிகர், எலுமிச்சை, பழத்தோல் கரைசல் எதுவானாலும் இவற்றை அரிக்கும். கிரானைட் பெரும்பாலும் தாங்கும். பழக்கி எடுத்த இரும்பு தோசைக்கல்லிலும் புளிப்பைப் பயன்படுத்தக் கூடாது, எண்ணெய்ப் பூச்சு கெட்டுப்போகும்.

ஆழ்துளைக் கிணற்று நீர் வரும் வீடுகளில், குழாயின் வாயில் சுண்ணாம்பு போல் இறுகும் உப்புக்கு எலுமிச்சை உப்பு எனப்படும் சிட்ரிக் அமிலத்தைப் போல மலிவான மருந்து வேறில்லை என்பது என் துணிபு. ஒரு லிட்டர் நீரில் இரண்டு மூன்று தேக்கரண்டி கரைத்து, பழைய வேட்டித் துணியை அதில் நனைத்துக் குழாயைச் சுற்றிக் கட்டி, அரை மணி நேரம் கழித்து அவிழ்த்துத் தேய்த்தால் படிவு பொடியாக உதிரும். இரவு முழுவதும் விட்டால் குரோம் முலாமும் சேர்ந்து கெடும். தேய்ப்பது மட்டும் போதும் என்று பொறுமையின்றி உடனே கம்பி நாரால் தேய்ப்பவர்கள், பொருளை விரயமாக்கி முலாமையும் கீறிவிடுகிறார்கள்.

பயோ என்சைம் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் செலவே இல்லாதது என்ற பெயரால் அதிகத் தவறுகள் நடப்பது இங்கேதான். வெல்லம் ஒரு பங்கு, எலுமிச்சை அல்லது சாத்துக்குடித் தோல் மூன்று பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு என்ற கணக்கில் கலந்து மூன்று மாதம் நொதிக்க விடுவது வழக்கம். முதல் மாதம் நாள்தோறும் மூடியைத் திறந்து வாயுவை வெளியேற்ற வேண்டும், கண்ணாடிப் புட்டியில் இறுக மூடி வைத்தால் அது வெடிக்கவும் கூடும். மூன்று வாரத்தில் வடிகட்டி விடுபவர்களுக்குக் கிடைப்பது இனிப்பு மிஞ்சிய தண்ணீர்; தரை பிசுபிசுக்கும், எறும்பு ஊரும். நன்கு முற்றிய கரைசலும் அடிப்படையில் புளிப்புத் திரவமே என்பதால் நீர் கலந்து ஓடு பதித்த தரையைத் துடைக்கப் பயன்படுத்தலாம். நோய்க்கிருமிகளை ஒழிக்கும் என்று அதை நம்பி, வாந்தி, பேதி கண்டவர் பயன்படுத்திய கழிப்பறையை அதனால் கழுவுவது ஆபத்து. அப்படிப்பட்ட நேரத்தில் முறையான கிருமிநாசினியை, புட்டியில் சொன்ன அளவில், சொன்ன நேரம் வரை ஊறவிட்டுப் பயன்படுத்துவதில் குற்ற உணர்வு தேவையில்லை. மற்ற நாள்களில் சோப்பும் தண்ணீரும் போதும்.

பூந்திக்கொட்டையும் இப்படித்தான் மிகையாகப் புகழப்படுகிறது. பட்டுக்கும் கம்பளிக்கும் நகைக்கும் அது அருமையான பொருள். வெள்ளை வேட்டியில் பழுப்பேறும், கெட்டியான எண்ணெய்க் கறை போகாது, வேகவைத்து எடுத்த நீர் சில நாள்களில் புளித்து நாறும். இயற்கையானது என்பதால் எதற்கும் தீங்கில்லை என்று எண்ணுவதும் பிழை. அதன் நுரைக்குக் காரணமான சாப்போனின் மீன்களுக்கு நஞ்சு. ஆகவே கழிவு நீரைக் குளத்தில் விடக் கூடாது. டீ ட்ரீ போன்ற வாசனை எண்ணெய்கள் பூனைக்குக் கேடு என்பதையும் பூனை வளர்ப்பவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

கடையில் வாங்குவதென்றால் 'இயற்கை', 'பசுமை' என்ற சொற்களுக்கு மதிப்புக் கொடுக்கும் முன் ஆதாரம் கேட்க வேண்டும். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், இத்தகைய சொற்களைத் தக்க விளக்கமும் சான்றும் இன்றி விளம்பரத்தில் பயன்படுத்தக் கூடாது என்கின்றன. சுற்றுச்சூழலுக்கு உகந்த பொருள்களை அடையாளம் காட்ட 1991-இல் மண்பானைச் சின்னத்தோடு அரசு தொடங்கிய எகோமார்க் முத்திரைத் திட்டத்துக்கும் 2024-இல் புதிய விதிகள் வந்துள்ளன. சலவைத்தூளில் பாஸ்பேட் இல்லை என்று எழுதியிருக்கிறதா என்று பார்ப்பது, இலைப்படத்தைப் பார்ப்பதைவிடப் பயனுள்ளது. பாஸ்பேட் நீர்நிலையில் பாசியைப் பெருக்கி மீன்களுக்கு வேண்டிய பிராணவாயுவைக் குறைக்கிறது.

விலையைப் புட்டிக்குப் புட்டி ஒப்பிடுவதும் ஏமாற்றும். 500 மி.லி. தரைத் திரவம் ஒன்று 180 ரூபாய், வாளிக்கு 50 மி.லி. வேண்டும் எனக் கொள்வோம். வாளிக்கு 18 ரூபாய். அதே அளவில் 300 ரூபாய்க்கு விற்கும் அடர்த்தியான திரவம் வாளிக்கு 10 மி.லி. போதுமென்றால், செலவு 6 ரூபாய்தான். அடர்த்தியானதை வாங்கிவிட்டு, நுரை வரவில்லை என்று பழைய அளவில் ஊற்றினால் கணக்கு தலைகீழாகும். நுரைக்கும் சுத்தத்துக்கும் நேரடித் தொடர்பு இல்லை.

எல்லாவற்றிலும் கொடிய தவறு, இரண்டு நல்ல பொருள்களைச் சேர்த்தால் இரட்டிப்புப் பலன் என்று நினைப்பது. பிளீச்சிங் பவுடர் கரைசலோடு வினிகரோ எலுமிச்சை உப்போ கழிப்பறை ஆசிடோ கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். காற்றோட்டமில்லாத குளியலறையில் அது மூச்சையே அடைக்கும். வீட்டில் செய்த கரைசல்களை வெற்றுக் குடிநீர்ப் புட்டிகளில் ஊற்றி வைப்பதும் அதே அளவுக்கு அபாயம். வேறு நிறப் புட்டியில் ஊற்றி, பொருளின் பெயரையும் செய்த தேதியையும் தாளில் எழுதி ஒட்டி, குழந்தைகளுக்கு எட்டாத மேல்தட்டில் வையுங்கள்.