பிரெய்ரி வியாபாரியைப் பற்றி எழுதுகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்களுக்கு பிரெய்ரி என்கிற அமெரிக்கப் புல்வெளி என்றதும் கண்முன் வருவது ஒரு குதிரை, ஒரு தொப்பி, இடுப்பில் இரண்டு துப்பாக்கி. நானும் அந்தக் கூட்டம்தான். கொஞ்சம் சரித்திரம் படிக்க ஆரம்பித்த பிறகுதான், கௌபாய்க்கு ஒரு தலைமுறை முன்பே அந்தப் புல்வெளியில் வேறொரு வகை ஆள் வண்டி கட்டிக்கொண்டு திரிந்தது தெரிந்தது. சரக்கு விற்பார், பட்டாளத்துக்கு வழி காட்டுவார், இரண்டு தரப்புக்கும் நடுவில் துபாஷியாக உட்காருவார். மூன்றும் சேர்ந்து ஒரே பிழைப்பு. இவர்களைப் பற்றிக் கதையோ கட்டுரையோ வீடியோவோ செய்கிறவர்கள் சறுக்குகிற இடங்கள் ஏறக்குறைய ஒன்றேதான். ஜெஸ்ஸி சிசம் என்ற ஒரே ஆளை வைத்துக்கொண்டு பெரும்பாலானதைச் சொல்லிவிடலாம்.

முதல் சறுக்கல் பெயரிலேயே. ஜான் சிசம் என்று இன்னொருவர் இருந்தார். நியூ மெக்சிகோவில், பேக்கோஸ் நதிக்கரையில், ஆயிரக்கணக்கில் மாடு வைத்திருந்த பண்ணைக்காரர். பில்லி த கிட் என்ற துப்பாக்கிக் கொள்ளைக்காரனின் கதைகளில் வருகிறவர். ஆங்கிலத்தில் இரண்டு பெயருக்கும் எழுத்து வேறு, உச்சரிப்பு ஒன்று. தமிழில் எழுதினால் அந்த வித்தியாசமும் போய்விடுகிறது. ஆகவே ஊரைச் சேர்த்துச் சொல்லிவிடுவது நல்லது. நம்முடைய ஜெஸ்ஸி டென்னஸியில் பிறந்தவர். அப்பா ஸ்காட்லாந்து வம்சம், அம்மா செரோக்கி. இன்றைய ஓக்லஹோமா, கான்சஸ் பக்கம் வியாபாரம் செய்தவர்.

அடுத்தது, டெக்சாஸ் மாட்டு மந்தைகள் போன ‘சிசம் தடம்’ என்ற பாதை அவர் பெயரில் இருப்பதால் அவரையே மாட்டு மந்தை ஓட்டியவராக ஆக்கிவிடுவது. டெக்சாஸிலிருந்து கான்சஸில் இருந்த ஆபிலீன் ரயிலடிக்கு மந்தைகள் வர ஆரம்பித்தது 1867ல். அடுத்த வருடமே ஜெஸ்ஸி இறந்துவிட்டார். அந்தத் தடத்தில் அவர் ஓட்டியது சரக்கு வண்டிகளை. இன்றைய விசிட்டா நகரம் இருக்கும் இடத்துக்கும் தெற்கே இருந்த பழங்குடி முகாம்களுக்கும் நடுவே அந்த வண்டிகள் போய்வந்தன. சக்கரம் பதிந்த தடத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் மாடுகள் வந்தன, பெயரும் ஒட்டிக்கொண்டது.

அந்தத் தடத்தை அவர்தான் ‘கண்டுபிடித்தார்’ என்று எழுதுவதும் சரியில்லை. 1861ல் உள்நாட்டுப் போர் வெடித்தபோது, தெற்கே சிக்கிக்கொண்ட வட அரசின் படைகளை எமரி என்ற அதிகாரி கான்சஸுக்குக் கூட்டிப் போனார். வழி காட்டியவர் பிளாக் பீவர், டெலவேர் இனத்தவர், ஸ்கவுட் வேலையில், அதாவது பட்டாளத்துக்கு வழி காட்டுவதில், பழுத்தவர். பின்னாளில் சிசம் தடம் என்று ஆனதில் ஒரு பகுதி அவர் காட்டிய வழி. அந்த உதவிக்காகத் தெற்குத் தரப்பு அவருடைய பண்ணையைப் பாழாக்கியது. ஸ்கவுட் என்றாலே வெள்ளைக்காரர் என்று படம் வரைகிறவர்கள் இவரைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்.

காலக் குழப்பம் இன்னொன்று. 1840களின் வியாபாரிக்கு ரிவெட் அடித்த ஜீன்ஸ் மாட்டிவிடுவார்கள். அந்தக் காப்புரிமை 1873. இடுப்பில் ‘பீஸ்மேக்கர்’ ரிவால்வர் தொங்கும், அதுவும் 1873. பின்னணியில் முள்வேலி ஓடும். கிளிடனின் முள்கம்பிக் காப்புரிமை 1874. ஜெஸ்ஸி இதில் ஒன்றையும் பார்த்ததில்லை.

இதெல்லாம் சில்லறைத் தவறுகள். பெரிய தவறு, இவர்களுடைய கைமுதல் துப்பாக்கி என்று நினைப்பது. ஜெஸ்ஸிக்குப் பத்துப் பன்னிரண்டு மொழிகள் தெரியும். கோமான்சி, கயோவா, விசிட்டா என்று ஒவ்வொரு கூட்டமும் வேறு மொழி பேசியது, வேறு பகை வைத்திருந்தது. ‘செவ்விந்தியர்’ என்று ஒரே மூட்டையாகக் கட்டினால் அவர் செய்த வேலையே புரியாது. மொழி தெரியாத இடத்தில் கைச் சைகை இருந்தது. சமவெளி முழுக்கப் பல இனங்களுக்கும் பொதுவான சைகை மொழி அது. தனக்கென்று ஒழுங்குள்ள மொழி. கதைகளில் பழங்குடியினர் அரைகுறையாக உறுமுகிறார்களே, அரைகுறையாகப் பேசியது பெரும்பாலும் வந்த விருந்தாளிதான். டெக்சாஸ் தனி நாடாக இருந்த 1840களில், அதன் ஜனாதிபதி சாம் ஹியூஸ்டன் சமாதானம் பேசப் பழங்குடியினரைக் கூட்டிவரச் சொல்லி அனுப்பிய ஆட்களில் ஜெஸ்ஸியும் ஒருவர். கோமான்சிகளிடம் பிடிபட்டிருந்தவர்களைச் சரக்கு கொடுத்து மீட்டிருக்கிறார், சிலரைத் தன் வீட்டுப் பிள்ளைகளாகவே வளர்த்திருக்கிறார்.

மொழியோடு உறவு முறையும் வேண்டும். சம்பந்தம் செய்யாத வியாபாரி அங்கே கடைசிவரை வெளியாள்தான். ஆர்கன்சா நதிக்கரையில் 1833 வாக்கில் பச்சைச் செங்கல்லால் கோட்டை போல வியாபாரத் தலம் கட்டிய பெண்ட் சகோதரர்களில் வில்லியம், ஆந்தைப் பெண் என்று பெயர் கொண்ட ஷையன் பெண்ணை மணந்தார். கல்யாணத்தோடு ஒரு குலமே வாடிக்கையாளர் ஆனது. எழுதுகிறவர்கள் பலர் இதைக் ‘காதல்’ என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த உறவு என்ன விலை கேட்டது என்பதை 1864 நவம்பர் 29ல் பார்க்க வேண்டும். கொலராடோவின் சேண்ட் க்ரீக்கில் அமெரிக்கக் கொடி ஏற்றியிருந்த ஷையன், அரபாஹோ முகாமை கர்னல் ஷிவிங்டனின் அமெரிக்கப் படையே தாக்கியது. இறந்தவர்கள் நூற்றைம்பதுக்கும் மேல், பாதிக்குமேல் பெண்களும் குழந்தைகளும். வில்லியமின் மகன் ராபர்ட்டை வற்புறுத்தி வழிகாட்ட இழுத்துவந்திருந்தார்கள். அவன் காட்டிய வழியின் முடிவில், அதே முகாமுக்குள், அவனுடைய தம்பிகள் ஜார்ஜும் சார்லஸும் இருந்தார்கள். ஜார்ஜுக்கு இடுப்பில் குண்டு பாய்ந்தது, பிழைத்துக்கொண்டான். ஸ்கவுட் வாழ்க்கையைச் சாகசம் என்று எழுத உட்காரும்போதெல்லாம் எனக்கு இந்த இடத்தில் பேனா நின்றுவிடும்.

வியாபாரம் என்றால் பொற்காசு மேஜையில் உருள்வது போல எழுதாதீர்கள். நாணயம் தோல்தான். குளிர்காலத்தில் வேட்டையாடிய பைசன் என்ற அமெரிக்கக் காட்டெருமையின் மயிர் அடர்ந்த தோல். அதைத் தரையில் முளை அடித்து விரித்து, ஒட்டிய சதையைச் சுரண்டி, அதே விலங்கின் மூளையைப் பிசைந்து தடவி, காயக் காய இழுத்துத் தேய்த்து மெத்தென்று ஆக்க நாட்கணக்கில் ஆகும். செய்தவர்கள் பெண்கள். அவர்கள் கை ஓய்ந்தால் வியாபாரியின் வண்டி காலியாகத் திரும்பும், ஆனால் கதைகளில் அவர்களுக்கு வசனமே இருக்காது. பதிலுக்குப் போனவை கத்தி, கம்பளி, செப்புப் பாத்திரம், காப்பி, சர்க்கரை, பாசிமணி. பாசிமணியில் நிறம் தவறினால் ஒருவரும் தொடமாட்டார்கள். சாராயமும் போனது. 1834 சட்டப்படி அது குற்றம், இருந்தும் போனது. வியாபாரியைப் புனிதராக்க நினைக்கிறவர்கள் இந்தப் பீப்பாயைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

பயணக் காட்சிகளில் ஒரு திருத்தம். நான்கு கால் பாய்ச்சலில் குதிரைகள் இழுக்கும் வண்டியை மறந்துவிடுங்கள். மிசூரியிலிருந்து சாண்டா ஃபே வரை ஏறக்குறைய 900 மைல். பாரவண்டியை இழுத்தவை கோவேறு கழுதையும் எருதும். நாளைக்கு 15 மைல் போனால் நல்ல நாள். வண்டிகளை வட்டமாக நிறுத்தியதும் பெரும்பாலும் அம்புக்குப் பயந்து இல்லை. இரவில் மாடு ஓடிப்போகாமலிருக்கத் தொழுவம் வேண்டுமே, அதற்கு. கான்சஸில் கவுன்சில் க்ரோவ் தாண்டினால் அச்சுக்கு ஆகிற கெட்டி மரம் கிடைக்காது என்பதால், அங்கேயே வெட்டி வண்டிக்கு அடியில் கட்டிக்கொள்வார்கள். விறகும் இல்லை. காய்ந்த பைசன் சாணம்தான் அடுப்புக்கு. தட்டாத வறட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈரமானால் அன்றைக்குக் காப்பி கிடையாது.

கடைசியாக, கதை முடிவில் நாயகனைச் சண்டையில் சாகவைக்கும் ஆசை. ஜெஸ்ஸி 1868ல், இன்றைய ஓக்லஹோமாவில் கியரி ஊர் அருகே லெஃப்ட் ஹாண்ட் ஊற்றுப் பக்கம் முகாமிட்டிருந்தபோது, சாப்பாடு விஷமாகி இறந்தார். பித்தளைப் பாத்திரத்தில் உருக்கிய கரடிக் கொழுப்பு என்கிறார்கள். ஈயம் பூசாத பித்தளையில் புளிக்குழம்பு வைத்தால் என் பாட்டி யாரையும் தொடவிடமாட்டாள். படித்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அதுதான்.