பிக்கப்பில் டிராவல் டிரெய்லர் இழுக்க: கதவோர ஸ்டிக்கரிலிருந்து தொடங்குங்கள்

அமெரிக்காவில் பிக்கப் வாங்கப் போனால் முதலில் காதில் விழுவது "இது பத்தாயிரம் பவுண்டு இழுக்கும்" என்பதுதான். பொய் இல்லை, ஆனால் அந்த எண்ணை மட்டும் நம்பி டிராவல் டிரெய்லர், அதாவது வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகும் நடமாடும் வீடு, பார்க்கக் கிளம்பாதீர்கள். எஃப்-150, சில்வராடோ 1500 மாதிரி 'அரை டன்' வகை என்று சொல்லும் பிக்கப்களில் பெரும்பாலும் இழுவைத் திறனை எட்டுவதற்கு முன்பே பேலோடு, அதாவது வண்டி தன்மேல் சுமக்கக்கூடிய எடை, தீர்ந்துவிடும்.

முதலில் கணக்கு

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் அதன் நிலைச்சட்டத்தில் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக்கூடாது என்று அதில் போட்டிருக்கும். அதுதான் பேலோடு. ஒரே மாடலிலும் வண்டிக்கு வண்டி மாறும். சன்ரூஃப் போன்ற வசதிகள் ஏற ஏற இது குறையும்.

1,600 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். டிரெய்லர், சாமானோடு 6,500 பவுண்டு. அதில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச் மேல், அதாவது பிக்கப்பின் பின்னால் டிரெய்லரை மாட்டும் இணைப்பின் மேல், உட்கார வேண்டும். இதைத்தான் டங் வெயிட் என்கிறார்கள், இதுவும் பேலோடில்தான் கழியும். 13 சதவீதம் என்றால் 845 பவுண்டு. ஹிட்ச் ஒரு 90. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் 500. கூட்டினால் 1,435. மிச்சம் 165, ஒரு ஜெனரேட்டரையும் கொஞ்சம் விறகையும் பின்னால் போட்டால் அதுவும் காலி.

டங் வெயிட்டைக் குறைக்கலாமே என்று சாமானை டிரெய்லரின் பின்பக்கம் தள்ளாதீர்கள். 10 சதவீதத்துக்குக் கீழே போனால் நெடுஞ்சாலையில் டிரெய்லர் இடமும் வலமுமாக ஆட ஆரம்பிக்கலாம். விளம்பரத்தில் வரும் 'டிரை வெயிட்'டில் தண்ணீரும் கிடையாது, உங்கள் சாமானும் கிடையாது. 40 கேலன் டாங்க் நிரம்பினாலே 330 பவுண்டு கூடும். டிரக் ஸ்டாப்புகளில் உள்ள 'கேட் ஸ்கேல்' (CAT Scale) என்ற எடை மேடையில் ஒருமுறை எடை போட்டுவிடுங்கள், செலவு சொற்பம்.

மாட்டும் வரிசை

ஹிட்ச்சில் இருக்கும் உருண்டையான 'பால்' (ball), அதைக் கவ்வும் டிரெய்லர் முனையான கப்ளர், இரண்டும் ஒரே அளவா என்று பாருங்கள். பெரிய டிரெய்லர்களில் பெரும்பாலும் 2 5/16 அங்குலம். அந்தக் கப்ளர் 2 அங்குலப் பாலிலும் உட்கார்ந்துவிடும், அதுதான் ஆபத்து. ஒரு பள்ளத்தில் குதித்தால் கழன்றுவிடலாம்.

டிரெய்லர் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுங்கள். பிக்கப்பைப் பின்னால் எடுத்து, பால் கப்ளருக்கு நேர் கீழே வந்ததும் ஜாக்கை இறக்கி, தாழ்ப்பாளைப் போட்டுப் பின்னைச் சொருகுங்கள். அப்புறம் ஜாக்கை மறுபடி கொஞ்சம் ஏற்றுங்கள். பிக்கப்பின் பின்பக்கமும் கூடவே எழுந்தால் கவ்வியிருக்கிறது. கப்ளர் மட்டும் தனியாக மேலே வந்தால் இல்லை, முதலிலிருந்து தொடங்குங்கள். அரை நிமிஷ வேலைதான், ஆனால் என்ன அவசரமானாலும் இதை விடக்கூடாது.

அடுத்து எடைப் பகிர்வுக் கம்பிகள். பின் அச்சில் விழும் பாரத்தில் ஒரு பங்கை இவை முன் அச்சுக்குத் திருப்பும். இல்லாவிட்டால் முன்சக்கரம் லேசாகி ஸ்டீயரிங்கில் பிடிமானம் குறையும். சங்கிலிகளைக் கப்ளருக்கு அடியில் பெருக்கல் குறி போலக் குறுக்காக மாட்டுங்கள். கப்ளர் கழன்றாலும் ரோட்டில் குத்தாமல் அவை தாங்கும். டிரெய்லர் கழன்றுவிட்டால் அதன் பிரேக்கைப் போடவைக்கும் பிரேக்அவே கேபிளைச் சங்கிலியோடு சேர்க்காமல் வண்டியில் தனியாக மாட்டுங்கள். கடைசியாக டிரெய்லரின் விளக்குக்கும் பிரேக்குக்கும் மின்சாரம் தரும் 7 பின் பிளக், விளக்குச் சோதனை. கிளம்பும் முன் சக்கர முட்டுகளை எடுக்க மறக்காதீர்கள்.

ரோட்டில்

காலியான பார்க்கிங்கில் 25 மைல் வேகத்தில் போய், டிரெய்லரின் பிரேக்கை ஓட்டுநர் இருக்கையிலிருந்தே இயக்கும் பிரேக் கன்ட்ரோலரின் லீவரை மட்டும் அழுத்துங்கள். டிரெய்லர் பின்னாலிருந்து இழுத்துப் பிடிப்பது தெரிய வேண்டும், சக்கரம் பூட்டிக்கொள்ளக் கூடாது. ஓட்டத்தில் டிரெய்லர் ஆடினாலும் இதே லீவர்தான்: ஆக்ஸிலரேட்டரை மெல்ல விட்டு, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து அதை அழுத்துங்கள். கால் பிரேக்கை மிதித்தால் ஆட்டம் அதிகமாகலாம்.

கலிபோர்னியாவில் டிரெய்லர் இழுத்தால் உச்ச வேகம் 55 மைல். நியூயார்க்கின் பார்க்வேக்களில் பாலங்கள் தாழ்வு, டிரெய்லருக்கும் அனுமதி இல்லை. போன் காட்டும் வழியைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள்.

ரிவர்ஸ் எடுக்க, கையை ஸ்டீயரிங்கின் அடிப்பகுதியில் வையுங்கள். கை நகரும் பக்கமே டிரெய்லரின் பின்பக்கமும் போகும். இடம் சேர்ந்ததும் முதலில் சக்கரத்துக்கு முட்டு, அதற்கப்புறம்தான் சங்கிலியில் கை.