லிப்டன் சீட்: ஏற வண்டி, இறங்கக் கால்

இலங்கை மலைநாட்டின் அப்புத்தளைக்குப் போகிறவர்கள், தேயிலை மலை உச்சியில் இருக்கும் லிப்டன் சீட் என்ற காட்சிமுனையை விடியற்காலையில் பார்த்துவிடுங்கள். ஒன்பது மணி தாண்டினால் பெரும்பாலும் மூடுபனி ஏறிவிடும். பிறகு வெறும் வெண்மைதான். தம்பேதன்ன தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து உச்சி சுமார் 7 கிலோமீட்டர், வளைந்து வளைந்து ஏறும் ஒடுங்கிய தோட்டப் பாதை. இருட்டோடு முச்சக்கர வண்டியில் ஏறி, திரும்பும்போது நடந்து வாருங்கள். அந்த நடைதான் எனக்கு உச்சியைவிடப் பிடித்தது: தோட்டத் தொழிலாளர்கள் வாழும் லயன் எனும் வரிசை வீடுகள், சிறு கோயில்கள், கொழுந்து பறிக்கும் பெண்கள். தமிழில் வணக்கம் சொன்னால் முகம் மலரும். கேட்காமல் அவர்களைப் படமெடுக்காதீர்கள். மேலே குளிர்காற்று பலமாக அடிக்கும். கம்பளிச் சட்டை கட்டாயம்.