முதல் டேர்மில் கேஸ் படிப்பது எப்படி

பி.காம். முடித்துவிட்டு ஐஐஎம் மாதிரி ஒரு பிசினஸ் ஸ்கூலுக்குப் போகிறீர்கள், பள்ளிப் படிப்பும் தமிழ் வழி என்றால், இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். நானும் அதே வழியில் போனவள். முதல் டேர்மில் எனக்குப் பெரிய பயம், வகுப்பில் வாய் திறப்பதுதான். சிபி என்று சொல்லும் கிளாஸ் பார்ட்டிசிபேஷனுக்குப் பல பாடங்களில் மதிப்பெண் உண்டு. ஆங்கிலம் சரளமாகட்டும் என்று காத்திருந்தால் டேர்மே முடிந்துவிடும். அதனால் கேஸை, அதாவது ஒரு நிறுவனம் முடிவெடுக்க வேண்டிய சூழலை விவரித்து வகுப்பில் விவாதிக்கத் தரும் பாடத்தை, கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

1961இல் தொடங்கிய அகமதாபாத் ஐஐஎம், ஆரம்ப ஆண்டுகளில், கேஸ் முறைக்குப் பெயர்போன ஹார்வர்டோடு சேர்ந்து இயங்கியது. கேஸ் வைத்துப் பாடம் நடத்தும் பழக்கம் அங்கே அப்படித்தான் வேரூன்றியது. இன்று மற்ற இடங்களிலும் கேஸ் இல்லாத வாரம் அரிது.

கேஸை முதல் பக்கத்திலிருந்து வரிக்கு வரி படிக்காதீர்கள். முதல் பத்தியையும் கடைசிப் பத்தியையும் படித்தால் யார், என்ன முடிவெடுக்க வேண்டும் என்பது பெரும்பாலும் பிடிபடும். அப்புறம் நேராகப் பின்னால் இருக்கும் அட்டவணைகளுக்குப் போங்கள். பி.காம். படித்த நமக்கு அது சொந்த ஊர் மாதிரி.

ஒரு கணக்கு சொல்கிறேன். ஒரு நிறுவனம் புதுப் பொருள் ஒன்றை இறக்கலாமா என்று யோசிக்கிறது. நிலையான செலவு ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய். ஒன்றின் விலை 250 ரூபாய், மாறும் செலவு 170. ஒன்றுக்கு 80 ரூபாய் நிற்கும். 40 லட்சத்தை 80ஆல் வகுத்தால் 50,000. அதாவது, நஷ்டமில்லாமல் இருக்கவே 50,000 விற்றாக வேண்டும். அட்டவணையில் மொத்தச் சந்தையே ஆண்டுக்கு 60,000தான் என்று இருந்தால்? ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் பிடித்தாக வேண்டும், அதுவும் முதல் வருடத்திலேயே. இதைச் சொல்ல மூன்று எளிய வாக்கியம் போதும். அழகான ஆங்கிலத்தில் பொதுவாகப் பேசுகிறவர்களைவிட, இந்த ஒரு எண்ணைச் சொல்கிறவரைத்தான் பேராசிரியர் திரும்பிப் பார்ப்பார். விவாதம் சூடாவதற்கு முன், தொடக்கத்திலேயே கை தூக்கிவிடுங்கள். பிறகு இடம் கிடைப்பது கஷ்டம்.

முந்தின இரவு ஸ்டடி குரூப்பில் உட்காரும்போது உங்கள் கணக்கை ஒளிக்காமல் காட்டுங்கள். மற்றவர்களோடு ஒப்பிட்டு கிரேடு போடும் ரிலேட்டிவ் கிரேடிங் என்பதால் நோட்ஸை மறைக்கிறவர்கள் இருப்பார்கள். அந்தப் பழக்கம் உங்களுக்கு வேண்டாம். அக்கவுண்ட்ஸ் புரியாமல் தவிக்கும் இன்ஜினியர்களுக்கு டெபிட், கிரெடிட் சொல்லிக்கொடுங்கள். புள்ளியியலில் திணறும்போது அவர்கள்தான் கைகொடுப்பார்கள். எனக்கு அப்படித்தான் நடந்தது. அந்த நன்றி இன்னும் இருக்கிறது.

சம்மர்ஸ் எனப்படும் கோடைகால நிறுவனப் பயிற்சிக்கு ஆள் எடுப்பது முதல் வருடத்திலேயே வந்துவிடும். ரெஸ்யூமேக்கான சான்றிதழ்களை ஊரிலிருந்து கிளம்பும்போதே எடுத்துவையுங்கள்.

வகுப்பு முடிந்ததும் பத்து நிமிடம் ஒதுக்கி, நீங்கள் யோசிக்காமல் விட்ட கேள்வி ஒன்றையாவது குறித்துக்கொள்ளுங்கள். பரீட்சைக்கு முன் இந்தக் குறிப்புகள்தான் கைகொடுக்கும். பேசவே வரவில்லை என்றால் இரண்டாவது வாரத்துக்குள் பேராசிரியரை அவர் அறையில் போய்ப் பார்த்து, அதை அப்படியே சொல்லுங்கள். போகும்போது அடுத்த கேஸுக்கு நீங்கள் போட்ட கணக்கையும் கையோடு எடுத்துப் போங்கள்.