சேற்று வயலுக்கு மினி டிராக்டரும் டயரும்: முதன்முறை வாங்குபவர்களுக்கான செய்முறை

காவிரி டெல்டாவில் முதல் டிராக்டர் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் ஹெச்.பி.யில்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். தொழி உழவுக்கு, அதாவது தண்ணீர் கட்டி வயலைச் சேறாக்கும் உழவுக்கு, அது தலைகீழ் வரிசை. சேற்றுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று முதலில் தெரிய வேண்டும். அதை வைத்துத்தான் டயர், டயரை வைத்து எடை, கடைசியாக ஹெச்.பி. இந்த வரிசையிலேயே போவோம்.

1. கம்பியால் வயலைக் குத்திப் பாருங்கள்

வருடக்கணக்காகத் தொழி அடித்த வயலில் 15 முதல் 20 செ.மீ. ஆழத்தில் ஒரு கெட்டித்தரை இருக்கும். சக்கரமும் கலப்பையும் திரும்பத் திரும்ப ஒரே ஆழத்தில் அழுத்துவதாலும், கலங்கிய நுண்ணிய களி கீழே போய் அடைந்துகொள்வதாலும் உண்டாவது அது. டிராக்டர் சேற்றின் மேல் மிதந்து போவதில்லை. சேற்றைத் துளைத்துக்கொண்டு இந்தத் தரையைத் தொட்டுத்தான் நகர்கிறது. தரை உள்ள வயலில் 24 ஹெச்.பி. வண்டியே போதும். தரை இல்லாத வயலில் 50 ஹெச்.பி.யும் புதையும், எடை கூட என்பதால் இன்னும் ஆழமாகப் புதையும்.

தேவையானது 12 மி.மீ. கம்பி ஒன்று, ஒன்றேகால் மீட்டர் நீளம். முனையைக் கூராக்க வேண்டாம். மேல் முனையை வளைத்துக் கைப்பிடி ஆக்குங்கள். 10 செ.மீ.க்கு ஒரு பெயிண்ட் கோடு. வயலுக்குத் தண்ணீர் கட்டி இரண்டு நாள் ஊறிய பிறகு, ஏக்கருக்கு 15 இடமாவது குத்துங்கள்: நான்கு மூலைகள், மடை வாய், வடிகால் ஓரம், மற்றவை குறுக்கும் நெடுக்குமாக. இரண்டு கையாலும் உடல் எடையைக் கொடுத்து அழுத்தினால் போதும், சுத்தியல் கூடாது. கம்பி நிற்கும் ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

20 செ.மீ.க்குள் நின்றால் சாதாரண மினி டிராக்டர் ஓடும். 20 முதல் 30 என்றால் ஃபோர் வீல் டிரைவும் சேற்று டயரும் கட்டாயம். 30-ஐத் தாண்டினால் வண்டியின் வயிறே சேற்றில் உட்கார்ந்துவிடும்; மினி டிராக்டர்களின் அடி இடைவெளி ஏறக்குறைய அவ்வளவுதான்.

ஒரு வயலில் இரண்டு மூன்று இடங்கள் மட்டும் ஆழமாக இருப்பது சகஜம். தூர்த்த குளம், மூடிய கிணறு, செங்கல் சூளைக்கு மண் எடுத்த பள்ளம், தண்ணீர் விழுந்து விழுந்து அரித்த மடை வாய், சமப்படுத்தும்போது புது மண் கொட்டிய மூலை. அங்கே மூங்கில் குச்சி நட்டு, வண்டி போகாமல் விட்டுவிடுங்கள். கோடையில் சட்டிக் கலப்பையோ உளிக் கலப்பையோ போட்டு ஆழமாக உழுத வயலில் கெட்டித்தரை உடைந்திருக்கும்; அடுத்த சம்பாவுக்கு அந்த வயலைத் தனியாகக் குத்திப் பார்க்காமல் இறங்கக் கூடாது. வயல் முழுக்கவே 30-ஐத் தாண்டினால் டிராக்டர் ஆசையை விட்டுவிட்டு, இரும்புச் சக்கரம் மாட்டிய பவர் டில்லரை வாடகைக்கு எடுப்பதுதான் புத்திசாலித்தனம்.

2. எந்தக் கருவி ஓட்டப் போகிறீர்கள்?

கொத்துக் கலப்பை பின்னால் இழுக்கும் பாரம். சேற்றில் சக்கரம் வழுக்க அதுவே காரணமாகும். ரோட்டவேட்டரின் கத்திகள் முன்னோக்கிச் சுழன்று மண்ணைப் பின்னால் தள்ளுவதால் வண்டியை முன்னே உந்திவிடும். சிறிய வண்டி தொழியில் வேலை செய்ய முடிவது இதனால்தான். ஐந்து கொத்துக் கலப்பையோடு தவிக்கும் அதே 24 ஹெச்.பி. வண்டி, 3½ முதல் 4 அடி ரோட்டவேட்டரோடு சுலபமாகப் போகும். அகலம் அதற்கு மேல் போனால் எஞ்சின் திணறி, கருவியைச் சுழற்றும் பின் தண்டின் (பி.டி.ஓ.) வேகம் நிமிடத்துக்கு 540 சுற்றுக்குக் கீழே இறங்கும். கத்தி மண்ணைக் கலக்காமல் சுரண்டும்.

இரண்டு மூன்று ஏக்கர் சொந்த வயல், சின்னச் சின்ன வரப்பு, கூடவே தென்னை வாழையில் இடையுழவு என்றால் 24 முதல் 28 ஹெச்.பி. வகை பொருந்தும். குபோட்டா நியோஸ்டார் பி2441, மஹிந்திரா ஜீவோ 245, ஜான் டியர் 3028 இஎன் எல்லாம் இந்த வகையில் ஃபோர் வீல் டிரைவோடு வருபவை. ஊருக்கெல்லாம் வாடகை உழவு, டிரெய்லரில் நெல் மூட்டை, வைக்கோல் கட்டும் இயந்திரம் என்ற கணக்கெல்லாம் இருந்தால் மினி வாங்காதீர்கள். அது 45 ஹெச்.பி. வேலை.

3. எடையும் ஃபோர் வீலும்

24 ஹெச்.பி. வண்டிகள் மாடலைப் பொறுத்து 600 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே தொடங்கி ஒரு டன் அளவு வரை இருக்கின்றன. ஒரே ஹெச்.பி.யில் இரண்டு வண்டி முன்னால் நின்றால், தொழிக்கு எடை குறைந்ததைத் தேர்ந்தெடுங்கள். பழைய டெல்டாக் களிமண்ணுக்கு இது கண்டிப்பாகப் பொருந்தும். கல்லணைக் கால்வாய்ப் பாசனத்தில் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கம் உள்ள இலகுவான மண்ணில் இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை.

டூ வீல் டிரைவில் முன் சக்கரம் சேற்றைத் தள்ளிக்கொண்டு போகும் பாரமாக மட்டுமே இருக்கும். ஃபோர் வீலில் அதுவும் இழுக்கும். விலை கூடத்தான். ஆனாலும் சேற்றுக்காகவே வாங்குபவர் இதில் மிச்சம் பிடிக்கக் கூடாது. எண்ணெயில் மூழ்கிய பிரேக், இரண்டு பின் சக்கரங்களையும் ஒன்றாகச் சுற்ற வைக்கும் டிஃப் லாக் இரண்டும் கட்டாயம். உலர் பிரேக்கில் சேறு புகுந்தால் அந்தப் போகத்திலேயே தேய்ந்துவிடும்.

4. டயர்

டயரின் பக்கவாட்டில் 8.3-24 என்று எழுதியிருந்தால் அகலம் 8.3 அங்குலம், ரிம் 24 அங்குலம். பக்கத்திலேயே ஆர்-1, ஆர்-2 என்று ஒரு குறி இருக்கும். கடையில் பலரும் பார்க்காமல் விடுவது அதைத்தான்.

ஆர்-1 எல்லா வேலைக்கும் உரிய சாதாரண உழவு டயர். ஆர்-2 நெல் வயலுக்கென்றே செய்தது. அதன் ரப்பர்க் கட்டைகள் ஆர்-1-ஐப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு உயரம், கட்டைகளுக்கு நடுவே இடைவெளியும் அதிகம். இந்த இடைவெளிக்கு வேலை இருக்கிறது. களிமண் கட்டைகளுக்கு நடுவே அப்பிக்கொண்டால், டயர் ஒரு சுற்றிலேயே மொழுமொழுவென்று ஆகி வழுக்கும். இடைவெளி அகலமாக இருந்தால் சுற்றும்போதே மண் உதிர்ந்துவிடும். ஆர்-3 புல்தரைக்கு, ஆர்-4 கட்டுமான இயந்திரங்களுக்கு. இரண்டும் நம் வயலுக்கு ஆகாது.

கம்பி 20 செ.மீ.க்குள் நிற்கிற, வடிகால் நல்ல வயலுக்கு ஆர்-1 போதும். அதற்கு மேலே ஆர்-2. ஆனால் ஆர்-2 டயரோடு தார்ச்சாலையில் தினமும் ஓடினால் உயரமான கட்டைகள் சீக்கிரம் தேயும், வண்டி குலுங்கும். வயல் வீட்டிலிருந்து தூரம், சாலையில்தான் போய்வர வேண்டும் என்பவர்கள் ஆர்-1 டயரோடு கேஜ் வீல் (சேற்றுக்கான இரும்புக் கூண்டுச் சக்கரம்) வைத்துக்கொள்வது லாபம்.

அகல டயர் போட்டால் புதையாது என்று கடைக்காரர் சொல்வது பாதிதான் உண்மை. கெட்டித்தரை இல்லாத இடத்தில் அகலம் உதவும். தரை இருக்கும் நெல் வயலில், குறுகலான உயர டயர் சேற்றைக் கிழித்துத் தரையைப் பிடிக்கும்; அகல டயர் நடுச்சேற்றிலேயே சுற்றிக்கொண்டு நிற்கும்.

மாட்டும்போது திசை முக்கியம். வண்டிக்குப் பின்னால் நின்று பார்த்தால் கட்டைகள் சேரும் கூர்முனை மேல்நோக்கி இருக்க வேண்டும். தலைகீழாக மாட்டினால் சேறு பக்கவாட்டில் பிதுங்காமல் நடுவில் சேரும்.

ஃபோர் வீல் வண்டியில் பின் டயரை மட்டும் வேறு அளவுக்கு மாற்றாதீர்கள். முன் சக்கரம் பின் சக்கரத்தைவிட 1 முதல் 5 சதவீதம் முந்தி ஓடும்படி கியர் அமைத்திருப்பார்கள். அளவு மாறினால் அந்தக் கணக்கு கெட்டு முன் அச்சின் கியர் தேயும். மாற்றியே ஆக வேண்டுமானால் மண் தரையில் சோதியுங்கள்: சாக்பீஸால் குறியிட்டு, ஃபோர் வீலை எடுத்துவிட்டு பின் சக்கரம் பத்துச் சுற்று போகும்போது முன் சக்கரம் எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். பிறகு ஃபோர் வீலைப் போட்டு எண்ணுங்கள். முதலில் 15, பிறகு 15½ என்றால் 3.3 சதவீதம், சரி. இரண்டாவது எண்ணிக்கை குறைந்தால் அந்த டயர் வேண்டாம்.

5. காற்று, தண்ணீர்

பின் டயரில் வயலுக்கு 12 பி.எஸ்.ஐ. அளவு போதும், துல்லியமான எண் வண்டியோடு வரும் கையேட்டில் இருக்கும். பெட்ரோல் பங்க்கில் 30 அடித்துக்கொண்டு வருபவர்கள் நிறையப் பேர். அப்படி விறைத்த டயர் குறைந்த பரப்பில் அழுத்தி, சேற்றில் பள்ளம் தோண்டும்.

டயரில் தண்ணீர் நிரப்புவது காய்ந்த நிலத்து உழவுக்கான வித்தை. வால்வை மேலே வைத்து நிரப்பினால் முக்கால் பங்கு ஏறும். 45 ஹெச்.பி. வண்டியின் 13.6-28 டயர் ஒன்றிலேயே 150 கிலோவுக்குக் குறையாமல் எடை கூடும். கோடை உழவில் நல்லது, தொழியில் அது புதைக்கிற எடை. தொழிக்கு முன் வடித்துவிடுங்கள். முன்பக்க இரும்புக் கட்டிகளைக் கழற்ற வேண்டாம். பின்னால் ரோட்டவேட்டர் தொங்கும்போது முன் சக்கரம் தரையில் இருக்க அவை வேண்டும்.

வழுக்கலையும் அளக்கலாம். பின் சக்கரம் பத்துச் சுற்று சுற்றும்போது காய்ந்த தரையில் 30 மீட்டர், சேற்றில் 24 மீட்டர் என்றால் வழுக்கல் 20 சதவீதம். 25 வரை பொறுக்கலாம். அதற்கு மேல் டீசல் சேற்றைத் தோண்டத்தான் எரிகிறது.

6. கேஜ் வீல்

இரண்டு வகை உண்டு. டயருக்கு வெளியே சேர்த்து மாட்டும் அரை கேஜ் வீல், டயரைக் கழற்றிவிட்டு மாட்டும் முழு கேஜ் வீல். புதியவர்களுக்கு அரை போதும். வண்டிக் கம்பெனி சொல்லும் அகலத்தைத் தாண்டக் கூடாது. வெளியே நீள நீள பின் அச்சின் பேரிங் மேல் சுமை கூடும். தார்ச்சாலையில் இதோடு போனால் சாலை கிழியும், பல ஊர்களில் அபராதமும் உண்டு. வயல் ஓரத்தில்தான் மாட்ட வேண்டும், அங்கேயே கழற்ற வேண்டும்.

7. பணம் கட்டும் முன்

ஷோரூம் வாசலில் ஓட்டிக் காட்டுவதை ஏற்காதீர்கள். உங்கள் வயலில், தண்ணீர் கட்டிய பிறகு, ரோட்டவேட்டரோடு அரை மணி நேரம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். முன் அச்சு, பின் அச்சு சீல்கள் (எண்ணெய் வெளியேறாமலும் தண்ணீர் புகாமலும் தடுக்கும் ரப்பர் வளையங்கள்) எங்கே, என்ன விலை, உள்ளூரில் கிடைக்குமா என்று கேளுங்கள். கிளட்ச் இருக்கும் கூட்டின் (ஹவுசிங்) அடியில் வடிகால் ஓட்டை உள்ள மாடலா, தொழியில் அதை அடைக்கும் மூடி தருகிறார்களா என்பதும் கேட்க வேண்டியது. மானியம் வேண்டுமானால் வேளாண்மைப் பொறியியல் துறையில் முதலில் விண்ணப்பம், பிறகு வாங்குதல். வாங்கிவிட்டுப் போனால் கிடைக்காது. எதிலும் உறுதியில்லை என்றால் ஒரு போகம் வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பாருங்கள்.

8. முதல் நாள் வயலில்

தண்ணீர் இரண்டு முதல் ஐந்து செ.மீ. நின்றால் போதும். வரப்பை நேர்க்கோணத்தில், மண் கொட்டிச் சரிவாக்கித் தாண்டுங்கள். செங்குத்தான கரை என்றால் வெளியே வரும்போது ரிவர்ஸில் ஏறுங்கள். டிஃப் லாக்கை நேராகப் போகும்போது, வழுக்கத் தொடங்கும் முன் போடுங்கள். திரும்பும் முன் எடுத்துவிடுங்கள்.

சக்கரம் சுற்றி வண்டி நகரவில்லை என்றால் உடனே கிளட்சை மிதியுங்கள். ஆக்ஸிலேட்டரைக் கூட்டிப் பார்க்கும் ஒவ்வொரு நொடிக்கும் பள்ளம் ஆழமாகும். பி.டி.ஓ.வை நிறுத்தி, கருவியைத் தூக்கி, டிஃப் லாக் போட்டு, வந்த தடத்திலேயே ரிவர்ஸில் வர முயலுங்கள். வரவில்லை என்றால் சக்கரத்துக்குப் பின்னால் சேற்றை வாரி எடுத்துவிட்டு வைக்கோல் கட்டோ தென்னை மட்டையோ போடுங்கள். சக்கரத்தில் மரக்கட்டையைக் கட்டி முன்னே ஏற்றப் பார்க்காதீர்கள். சக்கரம் சுற்ற முடியாமல் பூட்டிக்கொண்டால் எஞ்சினின் வேகம் வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கி, ஓட்டுபவர் மேலேயே கவிழ்த்துவிடும். இன்னொரு வண்டியால் இழுப்பதானால் வரப்பின் மேல் நின்று, நீளமான சங்கிலியால், கீழே உள்ள டிராபாரில் (இழுவைக் கம்பி) மட்டும் மாட்டி மெதுவாக. கருவியின் மேல்பக்கத்தை வண்டியோடு இணைக்கும் மேல் லிங்க்கில் மாட்டினாலும் இதே ஆபத்துதான். சங்கிலி நீளத்தைப் போல இரண்டு மடங்கு தூரத்துக்குள் யாரும் நிற்கக் கூடாது.

வேலை முடிந்த அன்றே கழுவி, எல்லா கிரீஸ் முனைகளிலும் பழைய சேற்றுக் கிரீஸ் வெளியேறிப் புதியது எட்டிப் பார்க்கும்வரை அடியுங்கள். வாரம் ஒருமுறை முன் அச்சின் எண்ணெயைக் குச்சியில் தொட்டுப் பாருங்கள். பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் சீல் வழியாகத் தண்ணீர் இறங்கியிருக்கிறது. எண்ணெயை மட்டும் மாற்றாமல் சீலையும் மாற்றிய பிறகே அடுத்த வயலுக்கு எடுங்கள்.