செல்லப்பிராணி இன்சூரன்ஸ்: எதற்குப் பணம் வராது என்பதிலிருந்து தொடங்குங்கள்

நாய்க்கோ பூனைக்கோ இன்சூரன்ஸ் எடுக்கும்போது நாம் முதலில் பார்ப்பது பிரீமியத்தைத்தான். அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். பாலிசியின் முழு வாசகத்தையும் கேட்டு வாங்கி, ‘விலக்குகள்’ என்ற பகுதியை முதலில் திறங்கள்.

படி 1: விலக்குகள்

அதிக வில்லங்கம் தருவது ‘ஏற்கனவே இருந்த நோய்’ என்கிற வரி. டாக்டர் நோய்க்குப் பெயர் சொல்லியிருக்க வேண்டும் என்பதில்லை, அறிகுறி தெரிந்திருந்தாலே போதும். தடுப்பூசி போடப் போன அன்று ‘இடது பின்னங்காலை லேசாக நொண்டுகிறது’ என்று கேஸ் ஷீட்டில் ஏறியிருக்கும். நாமும் மறந்திருப்போம். பாலிசி எடுத்தபின் அதே காலின் முட்டியில் ஜவ்வு கிழிந்தால், அந்த ஒரு வரியைக் காட்டி க்ளெய்மை மறுக்கலாம். சில பாலிசிகளில் வலது காலும் அந்தக் கணக்கிலேயே சேர்ந்துவிடும். அதனால் விண்ணப்பிக்கும் முன்பே கேஸ் ஷீட்டின் நகலை வாங்கி வரிவரியாகப் படியுங்கள். எதையும் மறைக்காதீர்கள், பின்னால் தெரியவந்தால் பாலிசியே ரத்தாகலாம்.

தடுப்பூசி, கருத்தடை ஆபரேஷன், உண்ணி மருந்து போன்ற வழக்கமான செலவுகள் பொதுவாக அடிப்படை பாலிசியில் வராது.

படி 2: காத்திருப்புக் காலம்

பணம் கட்டிய அன்றே பாதுகாப்பு தொடங்கிவிடாது. விபத்துக்குச் சில நாட்கள், நோய்க்குப் பல பாலிசிகளில் 14 நாட்கள், முட்டி ஜவ்வுக்குச் சிலவற்றில் 6 மாதம். இடையில் தலைகாட்டும் நோய் ‘ஏற்கனவே இருந்தது’ ஆகிவிடும். குட்டி நன்றாக ஓடியாடும்போதே எடுக்கச் சொல்வது இதற்காகத்தான்.

படி 3: கையில் வரும் தொகை

பில் 10,000 என்று வைத்துக்கொள்வோம். நம் பங்காகக் கழிக்கும் தொகை 2,000. அதை முதலில் கழித்து, மீதியில் 80% தருவார்கள் என்றால் 6,400 வரும். 80% கணக்கிட்டபின் 2,000 கழித்தால் 6,000தான். எது முதலில் என்று கேளுங்கள். அந்த 2,000 வருடத்துக்கு ஒருமுறையா, ஒவ்வொரு நோய்க்கும் தனித்தனியா என்பதையும் கேளுங்கள்.

படி 4: உச்சவரம்பு

சர்க்கரை நோய், தோல் அலர்ஜி போன்றவை ஆயுசுக்கும் கூடவே வருபவை. ஒரு நோய்க்கு மொத்தமாக இவ்வளவுதான் என்றோ, 12 மாதம்தான் என்றோ வரம்பு இருந்தால், அது தீர்ந்தபின் மருந்துச் செலவு முழுக்க நம்முடையது. அப்போது வேறு நிறுவனத்துக்கு மாறினாலும் அங்கே அது பழைய நோய். வருடாவருடம் வரம்பு புதுப்பிக்கப்படுகிற, அதே நோய்க்குத் தொடர்ந்து தருகிற பாலிசிக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கட்டினாலும் தகும் என்பது என் கருத்து.

படி 5: க்ளெய்ம்

பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் நாம் பணம் கட்டிவிட்டுத்தான் திரும்பப் பெற வேண்டும். கைக்காசு கொஞ்சம் தனியாக இருக்கட்டும். அவசரமில்லாத ஆபரேஷன் என்றால், டாக்டர் தரும் செலவு மதிப்பீட்டை நிறுவனத்துக்கு முன்கூட்டியே அனுப்பி, எவ்வளவு தருவார்கள் என்று எழுத்தில் பதில் வாங்கிவிட்டு நாள் குறியுங்கள்.